அர்புதம் என்றொரு நோய்

கேரளத்தின் கிழக்கோர மலையில் புற்றுநோய் வந்தவருக்கு முதல் தடை மருந்தோ பணமோ அல்ல, சொல்தான். கைநாட்டுக்கும் சம்மதத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அகளியிலிருந்து அளந்தால் தெரியும்.

கோவையிலிருந்து தடாகம் வழியாக மலையை நோக்கிப் போகும் சாலை ஆனைக்கட்டியில் மாநிலம் மாறுகிறது. ஆனைக்கட்டி என்ற பெயரில் இந்தப் பக்கமும் ஓர் ஊர், அந்தப் பக்கமும் ஓர் ஊர். எல்லையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. டீக்கடையில் கொங்குத் தமிழ், கண்டக்டரிடம் மலையாளம், பின் ஸீட்டில் இருளர் பேச்சு. கோட்டத்தறை, கூளிக்கடவு என்று வறண்ட சரிவுகளையும் ஆடு மேயும் மேடுகளையும் கடந்து அகளி வருகிறது. மறுபக்கம் மண்ணார்க்காட்டிலிருந்து வருபவர்களுக்கு அகளி வேறு முகம் காட்டும். கொண்டை ஊசி வளைவுகள், ஈரமான காடு, சைலண்ட் வாலிக்கு வாசலான முக்காலி, பிறகு அகளி. மேற்கே மழை கொட்டும். கிழக்கே மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

நடுவில் பவானி. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று; அதில் இது ஒன்று. இந்த மலையில் தண்ணீரே தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது. நோயாளிகளில் பலரும் அப்படித்தான்.

அகளி, புதூர், சோலையூர் என்ற மூன்று பஞ்சாயத்துகளும் சேர்ந்ததுதான் அட்டப்பாடி. பரப்பு 745 சதுர கிலோமீட்டர். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடிகளின் 192 ஊர்கள் இதற்குள் சிதறிக் கிடக்கின்றன. ‘ஊர்’ என்றால் இங்கே ஒரு குடியிருப்பு; அதற்கு ஒரு மூப்பன், அவருக்குத் துணையாக வண்டாரி, குருதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்பாளர்கள். 1951-ல் இங்கு வசித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடிகள். தெற்கிலிருந்து மலையாளிகளும் கிழக்கிலிருந்து தமிழர்களும் குடியேறியதில் இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு.

வெளியுலகம் அட்டப்பாடியை அவ்வப்போதுதான் நினைத்துக்கொள்கிறது. 2013-ல் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நினைத்தது. 2020-ல் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் நஞ்சியம்மா இருள மொழியில் பாடியபோது மறுபடி நினைத்தது. 2022-ல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பாட்டை நாடே கேட்டது. சொற்கள் புரிந்தவர்கள் மிகச் சிலர். புரியாமல் கேட்டதால் ரசிகர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் நிலைமை தலைகீழ். அங்கே புரியாத மொழியைக் கேட்பவர் நஞ்சியம்மாவின் ஊர்க்காரர். புரியாமல் போனால் நஷ்டம் அவருக்கு.

மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் எல்லையோர ஊர்களில் என் காது முதலில் சொற்களிடம்தான் போகும். மலையாளத்தில், குறிப்பாக எழுத்தில், புற்றுநோய்க்கு ‘அர்புதம்’ என்று பெயர். கட்டி, வீக்கம் என்று பொருள்தரும் வடசொல். பழைய ஆயுர்வேத நூல்களிலும் உண்டு. மலையாளப் பத்திரிகைகள் இயல்பாக எழுதும் சொல் அது. தமிழ்க் காதில் அது விழும்போது ‘அற்புதம்’ ஆகிவிடுகிறது. ஒரே மலை, ஒரே சத்தம். ஒருவருக்கு வியாதி, மற்றவருக்கு அதிசயம்.

இதோடு முடிவதில்லை. மலையாள நர்ஸ் ‘அசுகம் மாறும்’ என்றால் நோய் குணமாகும் என்று அர்த்தம். தமிழில் மாறுவது என்றால் ஒன்று இன்னொன்றாவது. நோய் வேறு ஏதோவாக மாறப்போகிறது என்று ஒருவர் கலங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘பேதமாயி’ என்றால் அங்கே தேவலையாகிவிட்டது. தமிழ் கேட்பவருக்கு வித்தியாசமோ வயிற்றுப்போக்கோ நினைவுக்கு வரும். (இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு தரும்போது இரண்டு அர்த்தமும் பலிக்கக்கூடும் என்பது வேறு விஷயம்.) ‘அவசரம்’ மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் பதற்றம். ‘இனி ஒரு அவசரம் இல்லை’ என்பதை ஒருவர் ‘இதை விட்டால் வழியில்லை’ என்ற பொருளில் சொல்ல, இன்னொருவர் ‘ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம்.

தமிழ்ப் பக்கம் வந்தால் மட்டும் தெளிவு வந்துவிடுமா? கதிர்வீச்சுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. மலையாளத்திலும் ‘கரண்ட் அடிக்கல்’ என்பார்கள். கேட்டவர் மின்சார ஷாக்கை நினைத்து நடுங்குகிறார். படுத்திருக்கும் சில நிமிடங்களில் உடம்பில் எதுவும் உறைப்பதில்லை. தோல் எரிச்சலும் சோர்வும் நாள் போகப் போகத்தான் வரும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த முடிவு ‘பாஸிடிவ்’ என்றால் நல்ல சேதி என்று வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பயம் எல்லைக்கு இரு பக்கமும் பொது. இந்தப் பயத்தோடு ஒருவர் ஆபரேஷன் மேஜைக்குப் போவதும், இந்தப் பயத்தால் போகாமல் இருப்பதும், இரண்டுமே தெரிந்து எடுத்த முடிவுகள் அல்ல.

தமிழில் முதுகலை படித்தவனுக்கே ஆஸ்பத்திரிப் படிவங்களின் தமிழ் பிடிபடுவதில்லை. ‘திசு ஆய்வு’, ‘நோய்த்தணிப்புச் சிகிச்சை’, ‘இடம்மாறிப் பரவல்’ என்று அகராதிக்குப் பொருத்தமாகவும் ஆளுக்குப் பொருத்தமில்லாமலும் சொற்கள் வரிசைகட்டி நிற்கும். எழுதப்படிக்கத் தெரிவது வேறு, தன் நோயைப் படிக்கத் தெரிவது வேறு. கேரளம் முழு எழுத்தறிவு மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18-ல் கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் இருளருக்கும் முடுகருக்கும் குறும்பருக்கும் வீட்டில் பேசும் மொழிக்கென்று தனி எழுத்து கிடையாது. அவர்கள் கற்ற எழுத்து எதுவானாலும் அது இன்னொருவரின் மொழிக்கான எழுத்து.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். சோலையூர் பக்கத்து ஊர் ஒன்று. வயது 48. நாலைந்து ஆடு, கொஞ்சம் ராகி, துவரை. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட ஆரம்பிக்கிறது. முதலில் ஊரில் மருந்து தெரிந்தவர். பிறகு அகளி சமூக சுகாதார மையம், அல்லது கோட்டத்தறையில் உள்ள பழங்குடியினருக்கான அரசு ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி. கர்ப்பப்பை வாய்ப் புற்றாக இருக்கலாம் என்று சந்தேகம். கதிர்வீச்சுக் கருவி மலையில் கிடையாது. எழுதித் தரும் சீட்டோடு திருச்சூர் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்; கோவை அரசு ஆஸ்பத்திரிக்கு இறங்கலாம்; இன்னும் தூரம் என்றால் தலச்சேரியில் மலபார் கேன்சர் சென்டர், திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கிய ரீஜனல் கேன்சர் சென்டர்.

ஒவ்வொரு வாசலிலும் அவர் வேறு ஆளாகிறார். அகளியில் ‘சேச்சி’, திருச்சூரில் ‘அம்மே’, கோவையில் ‘ஏம்மா’. சொந்த ஊரில் மட்டும் அத்தை, பாட்டி. ஒவ்வொரு வாசலிலும் விஷயம் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கைமாறுகிறது. டாக்டர் இங்கிலீஷில் நினைத்ததை மலையாளத்தில் சொல்ல, கூட வந்த மகன் அதைத் தமிழும் இருளமும் கலந்து அம்மாவுக்குச் சொல்வான். சொல்லும்போது தனக்குப் புரியாததை விட்டுவிடுவான். அம்மா தாங்கமாட்டாள் என்று தோன்றுவதையும் விட்டுவிடுவான். கடைசியில் அம்மாவிடம் வந்து சேர்வது ‘கட்டி இருக்குதாம், கரண்ட் வைக்கணுமாம்’ என்ற ஒரு வரி. அந்த ஒரு வரிக்குக் கீழேதான் கைநாட்டு.

அட்டப்பாடியில் கைநாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. படிக்கத் தெரியாத காகிதங்களில் விரல் பதித்ததில் போன நிலம் கொஞ்சமல்ல. கைமாறிய பழங்குடி நிலங்களை மீட்டுத் தருவதற்கென்றே கேரள சட்டமன்றம் 1975-ல் ஒரு சட்டம் இயற்றியது. அது பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. 1999-ல் வேறு சட்டம் வந்தது. எனவே ஒரு மூதாட்டி ஆஸ்பத்திரியில் மை டப்பாவைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டால் அதை அறியாமை என்று எழுதிவிட முடியாது. காகிதத்தைப் பற்றி அந்த மலைக்குத் தெரிந்தது அதுதான்.

ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கும் இதே போன்ற சரித்திரம் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசி ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போடப்பட்டது. அமெரிக்காவின் ‘பாத்’ அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது: ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 1,948-ல் கைநாட்டு, 2,763-ல் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள்.

அந்தச் சமயம் நேர்ந்த சில சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஊசி உலகம் முழுதும் பயன்படும் நல்ல ஊசி. இந்தக் கணக்கு ஊசியைப் பற்றியதல்ல. நல்ல பொருளையும் கேட்காமல் கொடுத்தால் அது சந்தேகப் பொருளாகிவிடுகிறது. அதன் பிறகு பல வருஷங்கள் இந்தியாவில் அந்த ஊசியின் பெயரைச் சொன்னாலே சர்ச்சைதான். நோயைத் தடுத்திருக்கக்கூடிய காலம் அதில் கழிந்தது.

கேரளத்திலேயே இன்னொரு கதை. 1999-2000-ல் திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டரில் வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள ஒரு சோதனை மருந்து கட்டியில் செலுத்தப்பட்டது. தங்களுக்குத் தரப்படுவது சோதனை மருந்து என்றே தெரியாது என்று நோயாளிகள் தரப்பில் புகார் எழுந்தது. அங்கேயே பணியாற்றிய டாக்டர் ஒருவர் 2001-ல் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் முறையான முன் அனுமதி பெறப்படவில்லை என்றது ஹாப்கின்ஸ் விசாரணை. சம்பந்தப்பட்ட அமெரிக்க விஞ்ஞானி இனி மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்குத் தலைமை வகிக்கக் கூடாது என்று அந்த ஆண்டு நவம்பரில் தடை விதித்தது.

இவை ஆராய்ச்சி சம்பந்தப்பட்டவை, அன்றாடச் சிகிச்சைக்கு இது பொருந்தாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்கும் சட்டம் பேசியிருக்கிறது. டெல்லியில் 1995-ல் ஒரு பெண் உள்நோக்கிச் சோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் நினைவிழந்து கிடந்தபோது வெளியே காத்திருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கி அவருடைய கர்ப்பப்பை அகற்றப்பட்டது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒரு வயதுவந்தவருக்காக வேறு யாரும், தாயே ஆனாலும், சம்மதம் தர முடியாது. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சோலையூர்ப் பெண்ணுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். மகனின் கையெழுத்து அம்மாவின் சம்மதமாகிவிடாது.

சரி, அவருக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? வியாதியின் பெயரை விட முக்கியமானவை சில உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்று ஆரம்பத்தில் இருந்தால் ஆபரேஷன் போதும். சுற்றுப்புறத்துக்குப் பரவியிருந்தால் வழக்கமான வழி கதிர்வீச்சும் வாராவாரம் மருந்து ஏற்றுவதும். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாளாகச் சுமார் ஐந்து வாரம். பிறகு உள்ளே வைத்துத் தருவது சில தடவை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் குணமாகும் வாய்ப்பு குறையும். பாதி சிகிச்சை என்பது பாதி குணம் அல்ல.

இந்தக் கடைசி வாக்கியம்தான் அவருக்குத் தேவையான மருத்துவம். ஏனென்றால் மூன்றாவது வாரம் பேதியும் சோர்வும் வரும்போது, ஆட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி சலித்துக்கொள்ளும்போது, மகனுக்குக் கூலி போகும்போது, ‘இப்போது கொஞ்சம் தேவலை, போய்விட்டு வருகிறேன்’ என்று கிளம்பத் தோன்றும். எட்டு வாரக் கணக்கை முதல் நாளே தெரிந்துகொண்டவர் ஆட்டை யாரிடம் விடுவது, எங்கே தங்குவது, எந்த மாநிலத்து அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று முதல் நாளே கேட்பார். அதையெல்லாம் டாக்டர்கள் மருத்துவக் கேள்விகளாக நினைப்பதில்லை. மலையிலிருந்து வருபவருக்கு அவைதான் முதல் மருத்துவக் கேள்விகள்.

மார்பகப் புற்றில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆரம்ப நிலையில் மார்பு முழுவதையும் எடுப்பது ஒரு வழி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு தருவது இன்னொரு வழி. இத்தாலியின் மிலான் நகரிலும் அமெரிக்காவிலும் பெண்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் முடிவு 2002-ல் வந்தது: இரண்டிலும் ஆயுள் ஒன்றே. ஆனால் அமெரிக்க ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான். ஆகவே எது நல்லது என்ற கேள்விக்குப் பதில் டாக்டரின் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அந்தப் பெண்ணிடம் இருக்கிறது: வாரக்கணக்கில் கோவையில் தங்க முடியுமா, மார்பை இழப்பது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு. கேட்காமல் இது தெரியாது. படிக்காதவளுக்கு மார்பு என்ன பெரிய விஷயம் என்று ஊகித்துக்கொள்வதும், படிக்காதவள் எங்கே வாரக்கணக்கில் வரப்போகிறாள் என்று ஊகித்துக்கொள்வதும் ஒரே தவறு.

சதவீதம் புரியாதே என்பார்கள். சதவீதம் படித்தவர்களுக்கும் சரியாகப் புரிவதில்லை. ‘நூறு பேரில் இத்தனை பேர்’ என்று ஆளாக எண்ணிச் சொன்னால் எல்லோருக்கும் எளிது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். அட்டப்பாடிக்கு ஆட்டுக்கொம்பு அவரை என்று ஒரு தனி அவரை உண்டு. ஆட்டின் கொம்பு போல வளைந்திருக்கும். 2022-ல் புவிசார் குறியீடும் பெற்றது. மேஜை மேல் நூறு அவரை விதையைக் கொட்டி, 39-ஐ ஒரு பக்கமும், இன்னொரு நூறிலிருந்து 14-ஐ மறுபக்கமும் ஒதுக்கிக் காட்டினால் போதும். விதையை எண்ணிப் பழகிய கைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நோயாளிக்குத் தெரிவுகளைப் படமாகவும் எண்ணாகவும் விளக்கும் உதவிக் கருவிகளைப் பற்றிய 105 ஆய்வுகளைக் கோக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்துப் பார்த்தது. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. ஆபத்தைச் சரியாக மதிப்பிட்டார்கள். அதனால் கெடுதல் எதுவும் காணப்படவில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. அவரை விதைக்கு இன்னும் ஆய்வு வரவில்லை என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எழுத்தறிவு குறைந்த இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்பவர்களுக்குத் திண்டுக்கல் பதில் சொல்லும். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-க்குப் பின் ஓர் ஆய்வு நடந்தது. கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவினால் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அதைப் பார்த்துச் சொல்வார்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து சோதித்துக்கொண்டார்கள். அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியானது. ஒப்பிடுவதற்காகச் சோதனை தராமல் விடப்பட்ட பெண்களைப் பற்றி நியாயமான கேள்விகளும் பிற்பாடு எழுந்தன. ஆனால் ஒன்று நிச்சயம். கிராமத்துப் பெண்கள் பயந்து ஓடவில்லை. சமையலறைச் சாமானை வைத்து, தங்கள் பேச்சில், ஒரு நர்ஸ் விளக்கியபோது மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வந்தார்கள்.

அகளியில் இந்த வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஊர்களில் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். பழங்குடி இளைஞர்களிலிருந்தே நியமிக்கப்படும் எஸ்.டி. புரமோட்டர்கள் இருக்கிறார்கள். டாக்டரின் மலையாளமும் அத்தையின் இருளமும் இரண்டும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இப்போது அவர்களுக்கு வேலை பெரும்பாலும் கூட்டிக்கொண்டு போவதும் படிவம் நிரப்புவதும். மொழிபெயர்ப்பும் ஒரு வேலை, அதற்கும் பயிற்சி வேண்டும், விட்டுவிடாமலும் சேர்க்காமலும் சொல்லக் கற்க வேண்டும் என்பது இன்னும் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பெற்ற மகனைவிட இவர்கள் மேல் என்பதற்கு ஒரு காரணம் உண்டு: அம்மா அழுதால் மகன் பாதியில் நிறுத்திவிடுவான்.

மறைப்பது அன்பு என்று நம்புகிற ஊர் நம்முடையது. ‘அவங்ககிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று கதவோரம் நின்று கெஞ்சாத குடும்பம் குறைவு. இதற்குக் கேரளத்திலேயே நல்ல அனுபவம் இருக்கிறது. 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார்கள். அங்கிருந்து அது மாநிலமெங்கும் பரவியது. 2008-ல் இதற்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். இன்று பஞ்சாயத்துகளின் பாலியேட்டிவ் நர்ஸ் நோயாளியின் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசுகிறார். இந்த வைத்தியத்தின் முதல் பாடம், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதை நோயாளியிடமே கேட்பது. சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் ‘என் தம்பியிடம் சொல்லுங்கள்’ என்பார்கள். இரண்டும் அவருடைய முடிவு. கேட்காமலே இரண்டாவதை அவர் தலையில் கட்டுவது நம்முடைய முடிவு.

அதேபோல் மூப்பனையும் ஊரையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இங்கே யாரும் தனியாக நோய்ப்படுவதில்லை. ஆட்டையும் பிள்ளைகளையும் எட்டு வாரம் பார்த்துக்கொள்ளப் போவது ஊர்தான். ஒரு முறை வந்து கேட்டுவிட்டு, வீட்டில் பேசிவிட்டு, அடுத்த வாரம் வந்து பதில் சொல்லட்டுமே. புற்றுநோயில் அநேகமாக அந்த ஒரு வாரம் கொடுக்க முடியும். ஊர் யோசனை சொல்லலாம். ‘சரி’ என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். ‘வேண்டாம்’ என்ற சொல்லும் அப்படியே. குணமாக்க முடியாத கட்டத்தில் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள் என்பவரை, பட்டிக்காடு, சொன்னால் புரியாது என்று கேஸ் ஷீட்டில் கழித்துவிடக் கூடாது. எல்லாம் தெரிந்து சொன்ன ‘வேண்டாம்’ ஒரு முழு முடிவு. எதுவும் தெரியாமல் வைத்த கைநாட்டு முடிவே அல்ல.

மலையாள ஆஸ்பத்திரிகளில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கும் கேள்வி ‘மனசிலாயோ?’ புரிந்ததா என்று அர்த்தம். தமிழாக்கினால் மனசில் ஆயிற்றா, மனசுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று வரும். நாங்கள் வெறுமனே ‘புரிந்ததா’ என்று கேட்பதை அவர்கள் எவ்வளவு அழகாகக் கேட்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வெள்ளைக் கோட்டு முன்னால் நிற்கிற யாரும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. தலை தானாக ஆடும்.

செலவில்லாத ஒரு மாற்று உண்டு. உலகின் பல ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கு அதைப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். விளக்கி முடித்ததும் இப்படிக் கேட்பது: ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன். ஊருக்குப் போனதும் வீட்டில் என்ன சொல்லுவீங்க? எனக்கு ஒரு தடவை சொல்லுங்க.’ பரீட்சை நோயாளிக்கு அல்ல, விளக்கியவருக்கு. அவர் தன் பேச்சில், தன் சொற்களில் திருப்பிச் சொல்வார். விட்டுப்போனது எது, திரிந்துபோனது எது என்று அப்போது தெரியும். மறுபடி சொல்லலாம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அதன் பிறகு மை டப்பாவைத் திறக்கலாம்.